வியாழக்கிழமை கழற்றிய இன்ஜெக்டர்

பெண்ணைப் பெற்றவனுக்குப் பேருந்தின்மேல் நம்பிக்கை வராது. எனக்கோ என்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருந்தது. அதுதான் வினை.

மகளுக்கு மறுநாள் மதுரையில் நேர்முகத் தேர்வு. முதல் வேலை. பெரியபட்டினத்திலிருந்து நானே காரில் கூட்டிப்போவது என்று முடிவு. காரோ கால் ஒடிந்த ஆடுபோல் விந்தி விந்தி ஓடிக்கொண்டிருந்தது. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரில் அடைப்பு, கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் என்றது ஒரு காணொளி. (நான் வரலாற்று ஆசிரியர். எத்தனையோ போர்களை நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில்.)

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க வாப்பா" என்றாள் மகள்.

"அவரு ஊருல இல்ல. நானே பாக்குறேன்."

காணொளிக்காரர் ஆரம்பத்தில் நிறையப் பேசினார். விளம்பரம் என்று தள்ளிவிட்டேன். 'பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள், குழாயில் நிற்கும் பெட்ரோலின் அழுத்தம் இறங்கட்டும்' என்று அவர் கெஞ்சியது அந்தப் பகுதியில்தான்.

இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயின் போல்ட்டுகளைக் கழற்றினேன். குழாய் அசையவில்லை. கடற்காற்றில் எல்லாம் துருவேறிக் கிடந்தது. விடுவேனா? பம்பரில் காலை ஊன்றி, பிஸ்மில்லா சொல்லி இழுத்தேன். குழாய் வந்தது. ஓர் இன்ஜெக்டர் மட்டும் இன்ஜினிலேயே தங்கிவிட, குழாயில் அது செருகியிருந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சியடித்து முகம், பனியன், கைலி எல்லாவற்றையும் நனைத்தது. வாயிலும் போனது. பேச்சு வரவில்லை.

அன்று வியாழன். வானவர்களான மலக்குகள் நறுமணம் தேடி வருவார்கள் என்று, பொழுது சாயும்போது வீடெங்கும் சாம்பிராணி காட்டுவது என் மனைவி தவறவிடாத வழக்கம்.

"என்ன நாத்தம்ங்க இது? மலக்குமாரு வருவாகளா இந்த வீட்டுக்கு?" என்றபடி, தணல் கனியும் சட்டியோடு வாசலுக்கு வந்தாள். நான் இரண்டு கைகளையும் வெறிகொண்டு ஆட்டினேன்.

"வாரேன், வாரேன். ஒங்களுக்குத்தான் மொதல்ல."

பின்னாலிருந்து மகள் அவள் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அப்புறம் குரல் மட்டும் வந்தது. "வாப்பா, கார்ச் சாவியத் தொடாதீங்க. கைலிய அவுத்து எறிஞ்சிட்டுக் குழாயடிக்குப் போங்க." (தெருவே பார்த்தது. உயிர் பிழைத்தவனுக்கு மானம் எதற்கு?)

சோப்பு கரைந்ததே தவிர, வாசம் கரையவில்லை. ஆனாலும் மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், விடியற்காலைப் பேருந்தில் நானும் ஏறினேன். நடத்துநர் மோந்து பார்த்தார்.

"யாருய்யா பெட்ரோல் கேனு கொண்டாந்தது? அது எறங்காம வண்டி நகராது."

மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கேன் இல்லண்ணே. எங்க வாப்பா."

வண்டி கிளம்பியது. ராமநாதபுரம் வரை சிரித்துக்கொண்டே போனது. என்னை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் யாரும் பீடியைக்கூட வெளியே எடுக்கக்கூடாது என்று நடத்துநர் ஆணையிட்டார்.

அவளுக்கு வேலை கிடைத்தது. நான், சாம்பிராணி வாசம் வந்தால் இன்றும் குழாயடிக்கு ஓடுகிறேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு, வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளிப் பெண் 'யாரது?' என்று விசாரித்தால், மகளிடம் பேருந்துக் கதையைக் கேட்ட நாள்முதல் அடுப்படியிலிருந்து என் மனைவி சொல்லும் பதில் மாறுவதே இல்லை.

"கேன் இல்லம்மா, எங்க வீட்டு ஆளுதான்."