றெஜிபோம் அண்ணையும் குடைக்காரனும்

முல்லைத்தீவிலிருந்து முள்ளியவளை போகும் வீதியில் மீன் வாங்கிய பெண்களில் ஒருவர்கூட மனநிம்மதியோடு குழம்பு வைத்ததில்லை. மீனில் குறை இல்லை. கொண்டுவந்தவரில்தான் குறை. ஒரு பாரையைச் செதில் தட்டி வெட்டிக் கொடுப்பதற்குள் அவர் யாராவது ஒருவரைக் கொன்றுவிடுவார். கொன்றவன் யாரென்று சொல்லாமல் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விடுவார். குசினியில் நிற்கிற மனுசிக்கு உப்புப் போட்டேனா, புளி விட்டேனா என்ற ஞாபகம் எங்கே இருக்கும்?

அவருக்குத் தாய் தகப்பன் வைத்தது ஒரு புனிதருடைய பெயர். அது தேவாலயப் பதிவுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஊருக்கு அவர் றெஜிபோம் அண்ணை. மோட்டார் சைக்கிளின் பின்னால், ஐஸ் உருகாமல் காக்கும் எடையில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி. பெட்டிக்குள் ஐஸ், ஐஸுக்குள் மீன். மூடிக்கு மேலே, ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டிய சொப்பிங் பைக்குள் ஒரு புத்தகம். மழை வந்தால் முதலில் புத்தகத்தைத்தான் சட்டைக்குள் தள்ளுவார். மீன் நனைந்தால் என்ன, அது வந்ததே தண்ணீரிலிருந்துதானே என்பது அவருடைய நியாயம்.

புத்தகம் எப்போதும் ஒன்றுதான். 'இன்ஸ்பெக்டர் இடும்பன்' வரிசை. வருடத்துக்கு நாலைந்தாக வந்து எழுபத்திரண்டு பாகங்களில் முடிந்த குற்றக் கதை. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு கொலை, பிணத்துக்குப் பக்கத்தில் விரித்த கறுப்புக் குடை. கொலையைச் செய்த கையாளை இடும்பன் ஒவ்வொரு முறையும் பிடித்துவிடுவார். ஆனால் கையாள்களை ஏவிவிடும் அந்தக் குடைக்காரன் யார் என்பது மட்டும் கடைசிப் பாகம்வரை தெரியாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் புத்தகம் எடுக்கும் அந்த வீதி நூலகத்தில் நான்தான் உதவியாளன். எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் வயல் செய்தவர். கடலுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வேலை கிடைத்துக் கரைக்கு வந்த நான், மீனின் பெயர்களை அவர் திருப்பித் தரும் புத்தகங்களின் வாசனையை வைத்துத்தான் படித்தேன். பன்னிரண்டாம் பாகத்தைத் திறந்தால் சூடை. முப்பதாம் பாகம் திருக்கை. நாற்பத்தோராம் பாகத்தில் ஒரு இறால் மீசையே இருந்தது. அடையாளத்துக்கு வைத்தாராம்.

நூலகம் திறந்த புதிதில் அவர் முதன்முதலாக வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, நீதிமன்றத்துக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"தம்பி, இடும்பன் மூண்டாம் பாகம் இருக்கோ?"

"முதலாவதிலயிருந்து வாசிக்கலாமே அண்ணை."

"இல்லைத் தம்பி. சண்டை முடிஞ்சு அகதி முகாமிலை இருக்கேக்கை எனக்கு மூண்டாம் பாகம்தான் கிடைச்சது. மட்டையும் இல்லை, கடைசிப் பக்கங்களும் இல்லை. தண்ணிக்கு வரிசையிலை நிக்கிற ஆக்களிட்டை எல்லாம் முடிவு கேட்டனான். ஏழு பேர் ஏழு முடிவு சொன்னவை. அதிலை எது சரியெண்டு பாக்கவேணும்."

எடுத்துக் கொடுத்தேன். நின்ற நிலையில் கடைசிப் பக்கங்களை வாசித்தார். ஏழும் பிழை. அவருக்கு வந்த ஆனந்தத்தைப் பார்க்க வேண்டும். "ஏழு பேரும் புழுகியிருக்கினம்!" என்று கதிரையில் அமர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சடாரென்று முகம் மாறியது. "தம்பி, இனி ஒருத்தரும் எனக்கு முடிவு சொல்லக் கூடாது. சரியாச் சொன்னாலும் சரி, பிழையாச் சொன்னாலும் சரி. நானே போய்ச் சேரவேணும்" என்றார். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன்.

அவர் வாசிக்கிற விதம் தனி. விரலை வரியில் வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் போகும்போது அதன் எண்ணை உரக்கச் சொல்வார். "நாப்பத்தெட்டு." சிறிது நேரம் கழித்து, "நாப்பத்தொன்பது." பரபரப்பான இடம் வந்தால் தொடையில் அடித்து, "ஐயோ!" என்பார். விரல் எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரிக்குத்தான் அந்த ஐயோ. ஒரு வரி முந்தாது, ஒரு வரி பிந்தாது. 'அமைதி காக்கவும்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். அதற்கு நேர் கீழே இருந்துதான் கத்துவார். பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்றவர்கள் முதலில் என்னிடம் முறையிட்டார்கள். பிறகு பத்திரிகையை மடித்துவிட்டு, "இப்ப யார் செத்தது?" என்று அவரிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

படித்த வித்தையைச் சும்மா விடவும் மாட்டார். முள்ளியவளையில் ஒரு வீட்டில் கோழி காணாமற் போய்விட்டது. மீன் பெட்டியை வெயிலில் விட்டுவிட்டு, வேலியோரம் குந்தியிருந்து இறகுகளைப் பொறுக்கி, பக்கத்து வீட்டுக்காரர் மூவரையும் வரிசையில் நிறுத்தி விசாரித்தார். மூன்றாவது ஆள் அழும் நிலைக்கு வந்தபோது வேலிக்குள்ளிருந்து கீரி ஒன்று வாயில் இறகோடு எட்டிப் பார்த்தது. "நான் முதலே சந்தேகப்பட்டனான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ஐஸ் முழுதும் உருகி, மீனைப் பாதிப் பேருக்குச் சும்மா கொடுத்தார்.

குடைக்காரன் யார் என்பதில் அவருக்குத் தெளிவான முடிவு இருந்தது. இன்ஸ்பெக்டரின் மாமியார். "அவா ஏன் ஒவ்வொரு பாகத்திலையும் கோயிலுக்குப் போறா? வெயிலுக்குக் குடை கொண்டு போகவேணுமெல்லோ?" வீதி முழுக்க அவர் இதைச் சொல்லித் திரிந்ததில், மருமகன் உள்ள பெண்கள் சிலர் அவரிடம் மீன் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் எழுபத்திரண்டாம் பாகம் வந்தது. விபூதிப் புதனுக்கு நாலு நாள் இருந்தது. அண்ணை கடலைப் பார்க்கவில்லை, சோற்றைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நூலகம் மூடும் நேரம் கடைசி அத்தியாயத்தின் வாசலில் நின்றார். நான் அரைமணி நேரம் கூடத் திறந்து வைக்கிறேன் என்றேன். அவர் புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்தார்.

"வேண்டாம் தம்பி. அரைமணித்தியாலத்திலை ஓடி ஓடி வாசிக்கிற முடிவே இது? நாளையிலையிருந்து தவக்காலம். மற்றவை இறைச்சியை விடுவினம், சாராயத்தை விடுவினம். எனக்கு உது ரெண்டும் இல்லை. நான் வருசா வருசம் இடும்பனைத்தான் விடுறனான். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் தொடமாட்டன். இதை அலுமாரியிலை வைச்சுப் பூட்டுங்கோ. நான் கேட்டாலும் தராதையுங்கோ."

எங்கள் வீட்டில் விரதம் என்றால் வெள்ளிக்கிழமை மரக்கறி, அவ்வளவுதான். சனிக்கிழமை விடிந்தால் முடிந்துவிடும். மற்ற வருசங்களைப் போலல்ல இது; கடைசி அத்தியாயத்தின் வாசலில் நின்றுகொண்டு ஒரு மனிதன் நாற்பது நாள் கொலைகாரனை அலுமாரிக்குள் வைத்துவிட்டு வெளியில் நடமாடுவான் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அவர் போய் ஒரு வாரத்துக்குள் அலுமாரியைத் திறந்து அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் வாசித்துவிட்டேன். வாசித்ததில் குற்றமில்லை, நான் நூலகக்காரன். அதன்பிறகு நடந்துகொண்ட விதம்தான் குற்றம்.

எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்தச் சின்ன விசயம் என்னை ஏதோ அரச அதிபர் மாதிரி ஆக்கிவிட்டது. அவர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதெல்லாம், "அண்ணை, மாமியார் பாவம், இல்லையோ?" என்பேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "தம்பி, வாயை மூடுங்கோ!" என்று கெஞ்சுவார். நான் சிரிப்பேன். மாலையில் அதை நினைத்து இன்னொரு தரம் சிரிப்பேன். அப்படியொரு அற்பன் நான்.

குருத்தோலை ஞாயிறுக்கு முதல்நாள் சனிக்கிழமை. தவக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம். பூவரசங்குளத்திலிருந்து மாமனார் வருவதாக இருந்தது. கடல்மீன் என்றால் அவர் உயிரை விடுவார். அண்ணையின் பெட்டியில் ஒரேயொரு பெரிய விளைமீன் மின்னிக்கொண்டு கிடந்தது. நூலக வாசலில் ஐந்தாறு பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"அந்த விளைமீனைத் தாங்கோ அண்ணை."

"அது பள்ளிக்கூட ரீச்சருக்குச் சொல்லி வைச்சது தம்பி. உங்களுக்கு நல்ல பாரை இருக்கு."

"ரீச்சர் தனி ஆள். எனக்கு மாமா வாறார்."

"வாக்குக் குடுத்திட்டன். பாரையை வெட்டட்டே?"

அவ்வளவுதான். ஆனால் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு மீன்காரர் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டாரே என்று என் தலைக்குள் ஏதோ ஏறிவிட்டது. எத்தனை வருசம் இவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தேன், மீன் நாற்றத்தைச் சகித்தேன் என்றெல்லாம் ஒரு நொடியில் கணக்குப் பார்த்தேன். அவர் கையில் கத்தி, மறு கையில் பாரை. காதைப் பொத்த ஒரு கையும் மிச்சமில்லை.

"ரீச்சருக்கே குடுங்கோ. குடைக்காரன் வேறை ஆருமில்லை, இன்ஸ்பெக்டரின்ர ஜீப் ட்றைவர் சின்னராசுதான்!"

வாய் மூடும்போதே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. பெண்கள் எல்லோரும் அண்ணையின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுபத்தொரு பாகத்தையும் மீனோடு சேர்த்துக் கேட்டவர்கள் அவர்கள். கடைசியில் ஒரு அக்கா, "என்ன தம்பி, படிச்ச பிள்ளை செய்யிற வேலையே இது?" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அது அறைந்தது மாதிரி இருந்தது.

றெஜிபோம் அண்ணை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசினால் நன்றாக இருந்திருக்கும். அவர் பாரையை வெட்டி முடித்து, கழுவி, பையில் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"ஓமோ" என்றார். "சின்னராசுவோ." மூடியைப் போட்டார். ரப்பர் பட்டியை இழுத்துக் கட்டினார். நாற்பது நாளாக அதற்குக் கீழே ஒன்றும் இல்லாததால் பட்டி தளர்ந்துபோயிருந்தது. இரண்டு தரம் முறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாமனார் பாரையை ருசித்துச் சாப்பிட்டு, இப்படி ஒரு மீன் தின்றதில்லை என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. முகாமின் தண்ணீர் வரிசையில் அவருக்குப் பொய் முடிவு சொன்ன ஏழு பேரும் என்னைவிட எவ்வளவோ நல்லவர்கள். அவர்கள் அவருக்கு வாசிக்க ஏதாவது மிச்சம் வைத்தார்கள். அந்த ஒரு வாரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் பின்பக்க அறைக்குள் போய் நின்றேன். அவரும் நூலகத்தில் நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்க வீடுவரை போனேன், படலையில் கை வைத்தேன், திரும்பி வந்தேன். என்ன சொல்லிக் கேட்பது? சொன்னதைத் திருப்பி எடுக்க முடியுமா?

உயிர்த்த ஞாயிறு காலை. பூசை முடிந்த கையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, நீளக் காற்சட்டை, கழுத்தில் பவுடர். பெட்டி இல்லாமல் அவரை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பாதி ஆள் மாதிரித் தெரிந்தார்.

"தம்பி, அலுமாரியைத் திறவுங்கோ. தவக்காலம் முடிஞ்சுது."

நான் தடுமாறி, "அண்ணை, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"அண்டைக்கு ஒரே மோட்டார் சைக்கிள் சத்தம். ஆர் என்ன சொன்னதெண்டே எனக்குக் கேக்கேல்லை. திறப்பை எடுங்கோ."

அன்றைக்கு அந்த வீதியில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஓடவில்லை. அவருடையதுகூட நின்றுகொண்டுதான் இருந்தது. நான் திறப்பை எடுத்து அலுமாரிப் பூட்டைத் திறந்தேன்.

வழக்கமான கதிரையில், 'அமைதி காக்கவும்' என்பதற்குக் கீழே இருந்து வாசிக்கத் தொடங்கினார். விரல் வரியில். உதடு அசைந்தது. "நூற்றி எழுபத்தாறு." பத்திரிகை வாசிக்க வந்தவர்கள் பத்திரிகையை மடித்தார்கள். "நூற்றி எழுபத்தொன்பது." நான் பதிவுப் புத்தகத்தில் எழுதுவதுபோலக் குனிந்துகொண்டேன். ஒரு எழுத்தும் எழுதவில்லை. "நூற்றி எண்பத்தொண்டு."

திடீரென்று தொடையில் ஓங்கி ஓர் அடி.

"ஐயோ! சின்னராசுவே! எழுபத்திரண்டு பாகமும் ஜீப் கதவைத் திறந்து விட்டவனெல்லோ! பாத்தியளே தம்பி! நான் கனவிலையும் நினைக்கேல்லை!"

எல்லோரும் ஓடிப்போய்ச் சுற்றி நின்றார்கள். அவர் என்னைப் பார்த்துக் கண் நிறையச் சிரித்தார். அவருடைய அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருசமாகப் பார்த்திருக்கிறேன்! அதில் ஒரு குறையும் இல்லை.

"ஓம் அண்ணை, நானும் நினைக்கேல்லை" என்றேன்.

அவர் போன பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசி அத்தியாயத்துக்கு மட்டும் மீன் வாசனை இல்லை, பவுடர் வாசனைதான். சின்னராசுவின் பெயர் வருவது நூற்றி எண்பத்திமூன்றாம் பக்கத்தில். எனக்காக அவர் இரண்டு பக்கம் முந்திவிட்டார். ஒரு வரிகூட முந்தாத மனிதர்.