பந்தலுக்கு மேட்டில் ஒழுகிய வால்வு

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா கொரின் டைக்ஹவுஸ் அவர்களுக்கு,

மெர்ல் ஷிமானெக் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் ஆர்லீனும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தி ஹார்லனும் தோட்டத்து ஆப்பிள் மரங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உறைபனி விழுவதற்குள் பழமெல்லாம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

தாங்கள் ஆர்லீனுக்கு எழுதிய கடிதத்தை அவள் நேற்று சாப்பாட்டு மேசையில் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். பெற்ற மகன் மோதிரம் மாற்றிக்கொள்ளும்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள். சாப்பாட்டு நேரத்துக்குக் கட்டம் போட்ட சட்டையில், விறகு பிளக்க வந்தவனைப் போல வந்து நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மை. ஆனால் நான் தங்கள் குடும்பத்தை மதிக்கவில்லை என்று முடித்திருக்கிறீர்களே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஹார்லனிடம் வாய் திறப்பதில்லை என்று கை அடித்துக் கொடுத்திருந்தேன். அதை மீறித்தான் எழுதுகிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படுக்கையும் கழிப்பறையும் உள்ள எங்கள் டிரெய்லர் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கேட்டபோது, களஞ்சியத்துக்குப் பக்கத்து மேட்டில் நிறுத்துங்கள் என்று சொன்னது தாங்கள்தான். குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அது பார்க்கப் பழைய பால் கேன் மாதிரி இருக்கிறது, போட்டோவில் விழக் கூடாது என்று சுற்றிலும் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, மரத் தட்டி கட்டி, தட்டி முழுக்கச் சூரியகாந்திப் பூ செருகியதும் தாங்கள்தான். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வண்டி முன்னும் நகராது, பின்னும் நகராது. உள்ளே ஆர்லீனின் அக்கா கிளாடிஸும் மற்ற இரண்டு தங்கைகளும் படுத்திருந்தார்கள். ஆர்லீனோடு சேர்த்து நாலு பெண்கள் புழங்கினால் கழிவுத் தொட்டி எத்தனை சீக்கிரம் நிறையும் என்பதைத் தங்களுக்கு விளக்க வேண்டாம். கல்யாணத்தன்று காலையில் காபியோடு வெளியே வந்தேன். வண்டிக்கு அடியில் சொட்டு சொட்டாகச் சத்தம். குனிந்து பார்த்தேன். தொட்டியை அடைத்துப் பிடிக்கிற வால்வு சரியாக மூடவில்லை. அதைத் தாண்டி வந்ததெல்லாம் குழாய் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மூடியில் ஒரு விரிசல். அந்த விரிசலுக்கு நேர் கீழே சரிவு. சரிவின் அடியில் தங்கள் வெள்ளைப் பந்தல், வெள்ளை நாற்காலிகள், வெள்ளை விரிப்பு.

முதலில் வாளி வைத்தேன். வாளி நிறைகிற வேகத்தைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தாங்கள் படியில் நின்று, "சம்பந்தி, அந்தப் பக்கம் ஏதோ வாடை வருதே?" என்று கேட்டீர்கள். நான், "பக்கத்துப் பண்ணையில எரு போடறாங்க போல" என்றேன். "கல்யாண நாள்லயா? இருங்க, அவனுக்கு ஃபோன் பண்றேன்" என்று உள்ளே போனீர்கள். ஒன்றும் தெரியாத அந்த மனிதர் தங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு நான்தான் பொறுப்பு. அவர் அன்று சாயங்காலம் பரிசைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனது தங்களுக்கு நினைவிருக்கலாம்.

வைக்கோலுக்குப் பின்னால் ஹார்லன் வந்து நின்றார். அதுவரை அவரும் நானும் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே பந்தலைப் பார்த்தார்.

"கொரினுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரியவே வேண்டாம். எங்க வீட்டு செப்டிக் டேங்க் இந்தக் களஞ்சியத்துக்குப் பின்னாடிதான் இருக்கு. உங்ககிட்ட குழாய் இருக்கா?"

குழாய் இருந்தது. இரண்டு பேரும் டேங்க் மூடியை நெம்பித் திறந்து, குழாயின் ஒரு முனையை அதில் இறக்கினோம். மறு முனையை மாட்ட வேண்டுமென்றால் விரிசல் விட்ட மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அதற்குப் பின்னால் நிற்பது முழுக்க ஒரே பாய்ச்சலில் வரும். "எண்ணிக்கிட்டே திருகுங்க, நான் குழாயோட தயாரா இருக்கேன்" என்றார் ஹார்லன். அவர் எண்ணினாரா நான் எண்ணினேனா தெரியாது. குழாய் மாட்டி முடித்தபோது என் வேலைச் சட்டை இடது கை முழுக்க நனைந்திருந்தது. எப்படி என்று கேட்காதீர்கள். தொட்டி காலியாகி, தோட்டத்து ஹோஸை விட்டு அலசினோம். அந்த அரை மணி நேரம்தான் அன்றைக்கு நான் மூச்சு விட்ட நேரம்.

தொட்டி காலியானால் போதாது சம்பந்தியம்மா. நூறு பேர் வருகிற இடம். கிளாடிஸ் இருக்கிற வண்டி. மறுபடி நிறையும், மறுபடி ஒழுகும். ஆகவே போல்ட்டுகளைக் கழற்றி வால்வை வெளியே எடுத்தேன். உள்ளே தகடு ஓடுகிற பள்ளத்தில் ஒரு பிளம் கொட்டை சிக்கியிருந்தது. கழிப்பறையில் உட்கார்ந்து பிளம் பழம் தின்றது யார் என்று இன்றுவரை என் வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கொட்டையோடு மல்லுக்கட்டியதில் ரப்பர் வளையம் கிழிந்து போயிருந்தது. கடைக்குப் போக வழி இல்லை. சாப்பாட்டுக்காரர் வண்டி பாதையை மறித்து நின்றது. ஹார்லன் போய், பழைய டிராக்டர் டியூபை எடுத்துவந்து, கிழிந்த வளையத்தை அதன் மேல் வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்க உட்கார்ந்தார். "வழவழப்பா ஏதாவது தடவினாத்தான் இது உக்காரும். சமையலறைக்குப் பக்கத்து அலமாரில வாஸ்லின் இருக்கும், எடுத்துட்டு வாங்க. அவ கண்ணுல பட்டுடாதீங்க."

பட்டேன். தலையில் சுருட்டைக் குழல்களோடு தாங்கள் நின்றீர்கள். "என்ன தேடறீங்க?" "வாஸ்லின்ங்க." "எதுக்கு?" "உதடு வெடிச்சிருக்கு." தாங்கள் அக்கறையோடு ஒரு விரலால் எடுத்து என் உதட்டில் தாங்களே தடவிவிட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றேன். "இன்னும் எங்க வெடிச்சிருக்கு?" என்று கேட்டீர்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. முழங்கால் என்றேன். தாங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஆயுசுக்கும் மறக்காது. டப்பாவைக் கொடுத்துவிட்டீர்கள். நன்றி.

திரும்பி வந்தபோது ஹார்லன் கல்யாணக் கோட்டில் இருந்தார். போட்டோக்காரர் வற்புறுத்தினாராம். என்னுடைய கோட்டு சூட்டு களஞ்சியத்தில் ஆணியில் தொங்கியது. கீழே வயலின்காரர்கள் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். "நீங்க போங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். ஆனால் வால்வைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை, வளையம் நகராமல் அழுத்த ஒரு கை, போல்ட்டுக்கு ஒரு கை, ஸ்பேனருக்கு ஒரு கை. எனக்கு இருப்பது இரண்டுதான். ஹார்லன் ஒரு சாக்கை விரித்துப்போட்டு மல்லாந்து உள்ளே நகர்ந்தார். பெண்ணைப் பெற்றவர் கோட்டோடு, பிள்ளையைப் பெற்றவன் நனைந்த சட்டையோடு, திறந்து கிடக்கிற குழாய்க்கு நேர் கீழே படுத்திருந்தோம்.

அப்போது தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது.

"யாருய்யா அது?" என்றார் ஹார்லன். முதல் தடவையாக என்னை அப்படிக் கூப்பிட்டார்.

எனக்கு அந்த நடை தெரியும். "கிளாடிஸ்" என்றேன். கழிப்பறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கத்தலாம். கத்தினால் பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அடியில் இருந்து பலகையைத் தட்டினேன். மேலிருந்து கிளாடிஸ், "ஆள் இருக்கு!" என்று பதில் தட்டினாள். "வால்வை மாட்டுய்யா!" என்றார் ஹார்லன். ஒரு போல்ட் ஏறியது. இரண்டாவதின் நட்டு புல்லில் விழுந்துவிட்டது. விரலால் துழாவுகிறேன், புல்தான் வருகிறது. "அவங்க சீக்கிரம் வந்துடுவாங்களா?" என்று கேட்டார். "நல்லா நேரம் எடுப்பா" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, கழிப்பறையில் தண்ணீர் விடுகிற மிதியை அழுத்துகிற சத்தம் கேட்டது. கிளாடிஸ் சுத்தக்காரி. ஒரு முறை அழுத்தினால் காலை எடுக்கவே மாட்டாள்.

அடுத்து நடந்ததை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ஹார்லன் கண்ணையும் வாயையும் மூடிக்கொண்டார். ஆனால் வால்வைப் பிடித்த கையை விடவில்லை. அதை மட்டும் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே இழுத்துப்போட்டு ஹோஸால் அடித்தேன். செப்டம்பர் மாதத்துக் கிணற்றுத் தண்ணீர். பல் தந்தியடிக்க, "என் பொண்ணு வாசல்ல நிக்கறாய்யா. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்றார். அழுகிறாரா தண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் களஞ்சியத்துக்கு ஓடிப்போய் என் கோட்டு சூட்டை எடுத்துவந்தேன்.

"அப்ப நீர்?"

"என் பையன் தானா நடந்து வருவான். உம்ம பொண்ணுக்குத்தான் அப்பா வேணும். காலைத் தூக்கும்."

அவர் என்னைவிட ஒரு சாண் உயரம். கால்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தாங்கள் அந்தத் தையற்காரரிடம் சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் மேல் தப்பில்லை. ஹார்லன் சரிவில் ஓடினார். ஓட்டத்தில் திரும்பி, "சாகற வரைக்கும் சொல்லக் கூடாது!" என்று கையை நீட்டினார். நான் காற்றிலேயே அடித்துக் கொடுத்தேன்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். இன்னும் மூன்று போல்ட் பாக்கி. கிளாடிஸின் தங்கைகள் வேறு கழிப்பறைக்கு வரிசையில் நின்றார்கள். முடுக்கி முடித்து, தண்ணீர் விட்டுப் பார்த்து, ஒரு சொட்டு இல்லை என்று தெரிந்தபோது பாதிரியார் பேச ஆரம்பித்துவிட்டார். என் மேல் இருந்த வாடையோடு முன்வரிசைக்கு வர முடியாது. காற்று வேறு பந்தல் பக்கமாக வீசியது. தட்டியில் இரண்டு சூரியகாந்திப் பூவை ஒதுக்கி அந்த இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் பையன் டேரன் மோதிரத்தைத் தவறவிட்டுக் குனிந்து தேடினான். மணப்பெண் மரீட் சிரித்தாள். ஹார்லன் அந்தக் குட்டைக் கால்சட்டையில், கணுக்கால் தெரிய, இந்த உலகத்திலேயே பெரிய மனிதர் மாதிரி நிமிர்ந்து நின்றார். நான் சத்தம் வராமல் ஸ்பேனரைத் தொடையில் தட்டிக் கைதட்டினேன். நாற்காலி காலியாக இருந்தது உண்மைதான். ஆனால் நான் அங்கே இருந்தேன்.

டேரனுக்கும் மரீட்டுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஹார்லனுக்கு என் அன்பு. தங்கள் கை ஆப்பிள் மரங்களுக்கும் பிறக்கப்போகும் நம் பேரப்பிள்ளைகளுக்கும் என்றும் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் சம்பந்தி,
மெர்ல் ஷிமானெக்

பின்குறிப்பு (ஆர்லீன் உறையை ஒட்டிவிட்டதால் உறையின் முதுகில் எழுதுகிறேன்): இப்போதுதான் ஹார்லன் ஃபோன் செய்தார். "யோவ், உமக்கு நெஞ்சு வலி வந்துச்சுன்னு கொரின்கிட்டச் சொல்லிட்டேன். என் கோட்டு மேல வாந்தி எடுத்தீர், மயக்கத்துலயும் உம்ம கோட்டைக் கழட்டிக் கொடுத்து என்னை அனுப்பி வெச்சீர். அவ ஒரே அழுகை. உமக்குன்னு ஆப்பிள் பை பலகாரம் சுட்டுக்கிட்டிருக்கா, ஞாயித்துக்கிழமை கொண்டு வரா" என்றார். பதில் கடிதம் வருகிறது என்று ஆர்லீன் தங்களிடம் சொல்லிவிட்டதால் இதை அனுப்பாமலும் இருக்க முடியவில்லை. ஆகவே சம்பந்தியம்மா, எனக்கு வந்தது நெஞ்சு வலிதான். இப்போது பரவாயில்லை, ஆப்பிள் பை சாப்பிடலாம் என்கிறார் டாக்டர். தயவுசெய்து இந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் போட்டுவிடவும்.