சரிபார்க்கப்பட்ட ஏழு டப்பாக்கள்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, வீட்டிலிருந்து மாமனார் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மனைவியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கப்பலில் நீங்களும் உங்கள் எஞ்சின் அறையும் கூட வேலை செய்கிறவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். மழை இல்லை. தண்ணீர் மோட்டார் ஒழுங்காக ஓடுகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன். நல்ல செய்தி இத்துடன் முடிகிறது. இதற்குக் கீழே இருப்பதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள், கைக்கெட்டும் தூரத்தில் கனமான ஸ்பானர் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கேட்க எனக்குத் தைரியம் இருக்காது என்பதால் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இதைப் படித்து முடித்த பிறகு, நான் இந்த வீட்டில் இருக்கலாமா, அல்லது என் பெரிய மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டுமா என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பெரியவன் வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கட்டில் போட இடம் இருக்கிறது. மெஷின் சுற்றும்போது கட்டிலும் கூடவே கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். உங்கள் அத்தை போன பிறகு நீங்களாக வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே வைத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வெட்கம் இருக்காது.

கப்பலேறும் முன் ஒரு தாளை நீட்டி, “மாமா, ஒரு உதவி” என்றீர்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. அதுவரை நமக்குள் பேச்சு என்றால் மழை, மோட்டார், பேப்பர் வந்ததா, இந்த மூன்றுதான். மூன்றும் முடிந்துவிட்டால் நீங்கள் ஜன்னலைப் பார்ப்பீர்கள், நான் மின்விசிறியைப் பார்ப்பேன். அப்படியிருக்க, உங்கள் ஷோகேஸில் இருக்கும் எழுவர் படையில் ஆறு பேர்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள், மூன்று வருஷமாக நீங்கள் காத்திருக்கும் ஏழாமவர், அந்தச் சாம்பல் அங்கிக்காரர், இப்போதுதான் வெளியாகிறார், ஒரே ஒரு கடையில் மட்டும், முன்பதிவில் மட்டும், ஆளுக்கு ஒன்று மட்டும், அதை வாங்கித்தர வேண்டும் என்று நீங்கள் என்னைக் கேட்டபோது பெருமையில் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பொம்மை என்று சொன்னால் உங்கள் முகம் சுருங்கும், ஃபிகர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று உங்கள் மனைவி சொல்லிக் கொடுத்தாள். அதையும் கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொண்டேன்.

உங்கள் தாளில் பதினோரு குறிப்புகள் இருந்தன. பதினொன்றையும் மனப்பாடம் செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் கடையின் இணையப் பக்கம் திறந்தது, திறந்த உடனே எனக்கு முன்னால் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வரிசையில் நிற்பதாகச் சொன்னது. வரிசை என்கிறார்கள், ஒரு முதுகுகூடக் கண்ணில் படவில்லை. எதையும் அமுக்கக் கூடாது என்பது உங்கள் ஐந்தாவது குறிப்பு என்பதால் கீபோர்டில் வந்து உட்கார்ந்த ஈயைக்கூட நான் விரட்டவில்லை. ஒன்றேகால் மணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, இந்த வயதில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நீங்கள் பிற்பாடு உணர்வீர்கள். என் முறை வந்தது. பத்து நிமிஷம் தருகிறோம் என்றார்கள். பெயர், விலாசம், எல்லாம் போட்டாயிற்று. கடைசியில் ‘நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டம். மருத்துவமனையில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டவன் இல்லை. திறந்தேன். பத்தொன்பது பக்கம். வேகமாகத்தான் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில், சரக்கு வரும் கப்பல் புயலில் மாட்டிக்கொண்டால் கடை பொறுப்பாகாது என்று எழுதியிருந்த இடத்தில் உங்களை நினைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டேன். அதற்குள் பத்து நிமிஷம் முடிந்து, விற்றுத் தீர்ந்தது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

“அதை யாருப்பா படிப்பாங்க? டிக் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே!” என்றாள் உங்கள் மனைவி, சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும்.

“அப்போ எட்டாயிரம் பேரும் படிக்காமலா ஒத்துக்கிட்டாங்க?” என்று கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் நான் விடுகிறவனா? கடைக்குப் போன் செய்து, ஆள் மாற்றி ஆள் பேசி, சனிக்கிழமை காலை கடையிலேயே நேரடியாக நாற்பது மட்டும் கொடுக்கப் போகிறார்கள் என்பதைக் கறந்துவிட்டேன். விடிந்ததும் கிளம்பிப் போனேன். இது முதுகுகள் உள்ள வரிசை. எல்லாரும் முப்பது நாற்பது வயதுக்காரர்கள், முக்கால்வாசிப் பேர் லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள். எனக்கு முன்னால் மடக்கு நாற்காலியோடு ஒருவர், வங்கியில் வேலையாம். என்னைப் பார்த்து, “யாருக்கு அங்கிள், பேரனுக்கா?” என்றார். மாப்பிள்ளைக்கு என்றேன். முன்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற பல் டாக்டர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “என் மாமனார் வீட்டுக்கு வந்தார்னா, இதையெல்லாம் எப்போ தூக்கிப் போடப் போறீங்கன்னுதான் கேட்பார்” என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது, தண்ணீர் கிடைத்தது, பிஸ்கட் கிடைத்தது, நாற்காலிக்காரரின் போன் நம்பரும் கிடைத்தது. என் டோக்கன் முப்பத்தெட்டு. டப்பா கைக்கு வந்ததும் வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், மாப்பிள்ளை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அந்த பஸ் அப்படியே நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தேன். சரக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும்? திறந்து பார்க்க வேண்டும். இது என் ரத்தத்தில் ஊறியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆப்பரேஷன் தியேட்டருக்கு நானூறு ஜோடிக் கையுறை வந்தது. சீல் பிரிக்காமல் நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பிரித்துப் பார்த்தால் எண்ணூறும் இடது கை. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, வலது கையை என்ன செய்வது என்று கேட்டார். அன்றிலிருந்து நான் பிரிக்காத பெட்டி கிடையாது. ஆகவே மேஜையில் பழைய பேப்பர் விரித்து, பிளேடால் ஓரம் பிசகாமல் சீலை அறுத்து, சாம்பல் அங்கிக்காரரை வெளியே எடுத்து, டப்பாவில் போட்டிருந்த பட்டியலோடு ஒப்பிட்டேன். உருவம் ஒன்று, மாற்றுக் கைகள் நான்கு, அங்கி ஒன்று, நிற்கவைக்கும் தட்டு ஒன்று. எல்லாம் சரி. சரியாக இருந்ததும் எனக்கு ஷோகேஸ் மேல் கண் போயிற்று. மற்ற ஆறு பேர் இந்த வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது, ஒருவர்கூடச் சரிபார்க்கப்படவில்லை. நீங்கள் எஞ்சின் ஆள், உங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்திருக்காது என்று நினைத்தேன். உதவியோடு உதவியாக இதையும் முடித்துவிடலாம் என்று, ஆறையும் இறக்கி, ஆறையும் அறுத்து, ஆறு பேரையும் வெளியே எடுத்து வரிசையாக நிறுத்தினேன். மஞ்சள் கவசக்காரருக்கு ரெண்டும் இடது கை, மாப்பிள்ளை! ரெண்டும்! நான் துள்ளிக் குதிக்காத குறைதான். உடனே கடைக்குப் போன் போட்டுப் புகார் சொல்லி, தப்புக் கையை அன்றைக்கே கூரியரில் திருப்பி அனுப்பினேன். உள்ளே கட்டியிருந்த கம்பி, பிளாஸ்டிக் தட்டு எல்லாம் குப்பை வண்டியில் போச்சு. ஏழு டப்பா மேலயும், முன்பக்கமா, நல்லா தெரியிற மாதிரி, அழியாத மார்க்கரால ‘சரிபார்க்கப்பட்டது’ன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

சாயங்காலம் உங்கள் மனைவி வந்தாள். கைப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அப்பா... எல்லாத்தையுமா?”

“ஒண்ணையும் விடலை” என்றேன், பெருமையாக.

“மூணு வருஷமா, அஞ்சு வருஷமா அவர் அதுல ஒரு விரல் வச்சதில்லைப்பா. தூசு தட்டவே தனியா பிரஷ் வச்சிருக்கார். பிரிக்காம வச்சிருக்கிறதுதாம்பா விஷயமே!”

“பிரிக்கக் கூடாதுன்னு பதினோரு குறிப்புல எங்கயும் இல்லையேம்மா.”

“அதை எழுதணுமாப்பா? அடுப்புல கை வைக்கக் கூடாதுன்னு யாராச்சும் எழுதிக் கொடுப்பாங்களா?”

அப்பதான் நான் செஞ்சது எனக்கு உறைச்சது, மாப்பிள்ளை. வச்ச இடத்துலயே வச்சு மூடிடலாம்னு பார்த்தேன். கம்பி இல்லாம அவங்க நிக்க மாட்டேங்கறாங்க. சாம்பல் அங்கிக்காரரோட அங்கி டப்பாக்கு வெளியே தொங்குது, சிறகுக்காரப் பெண்மணிக்கு ஒரு சிறகு உள்ளே, ஒரு சிறகு வெளியே. மருத்துவமனைப் பழக்கத்துல பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன். இப்ப ஏழு பேரும் விபத்து வார்டுல இருந்து வந்த மாதிரி இருக்காங்க. என் கையெழுத்தை அழிக்கலாம்னு உங்க வீட்டுக்காரி நகப்பூச்சு எடுக்கிற தண்ணியைப் போட்டுத் தேய்ச்சா. கையெழுத்து போகலை. டப்பால அச்சடிச்சிருந்த மஞ்சள் கவசக்காரர் முகம் போயிடுச்சு. மனசு கேக்காம நம்ம மடக்கு நாற்காலிக்காரருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அவர் மெதுவா சொன்னார்: “அங்கிள், ரெண்டு இடது கையோட, பிரிக்காத டப்பால ஒண்ணு கிடைக்குமான்னு ஆயுசு பூரா தேடுறவங்க இருக்காங்க.” நான் போனை வச்சுட்டேன். சரியான வலது கை நேத்து கூரியர்ல வந்துச்சு. அதையும் பிரிச்சுதான் பார்த்தேன். பழக்கம் விட மாட்டேங்குது.

நான் கெட்டதுக்குச் செய்யலை மாப்பிள்ளை. நீங்க கேட்ட முதல் காரியம், அதைக் குறையில்லாம செய்யணும்னு செஞ்சேன். நீங்க கேட்காமலே இருந்திருந்தா நமக்குள்ள மழையும் மோட்டாருமாவது மிஞ்சியிருக்கும். இப்ப நீங்க ஊர் திரும்பி, கதவைத் திறந்து, ஷோகேஸைப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்ப்பீங்களே, அந்த நிமிஷத்துக்கு முன்னாலயே நான் கிளம்பிடணும்னு தோணுது. துணிமணியைப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். அடுத்த துறைமுகத்தில் ஏஜெண்ட் ஆபீஸில் இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கும். போகச் சொன்னால் வருத்தப்படமாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் உங்கள் மேல் இல்லை.

கடல் உங்களிடம் சாதுவாக நடந்துகொள்ளட்டும், எஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்கட்டும். எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ மனதார வாழ்த்துகிறேன், வாழ்த்த எனக்கு இன்னும் உரிமை இருக்குமானால்.

தலை குனிந்து,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் நீங்களே கப்பலிலிருந்து போன் செய்தீர்கள். உங்கள் மனைவி முந்திக்கொண்டு சேதி அனுப்பிவிட்டாளாம். “மாமா, புதுசைத் திறந்துட்டீங்களாமே” என்றீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். “அங்கி துணியா, பிளாஸ்டிக்கா?” என்று கேட்டீர்கள். துணி, ஓரத்தில் மெல்லிசாகக் கம்பி, காற்றில் பறக்கிற மாதிரி வளைத்து வைக்கலாம் என்றேன். “முழங்கால்?” என்றீர்கள். இரண்டு இடத்தில் மடங்குகிறது, மண்டி போடும் என்றேன். “மண்டி போடுமா!” என்று நீங்கள் கத்தியது அடுப்படி வரைக்கும் கேட்டது. “இத்தனை வருஷமா வாங்குறேன் மாமா, ஒண்ணைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை” என்றீர்கள். இருபத்தேழு நிமிஷம் பேசினோம், அதில் மோட்டார் ஒரு தடவைகூட வரவில்லை. பிறகு, “போகட்டும் மாமா, மத்த ஆறும் பிரிக்காம இருக்கே, எனக்கு அது போதும். பெட்டியைப் பிரிச்சு வைங்க, எங்கயும் போக வேணாம்” என்றீர்கள். ஆறையும் பற்றிச் சொல்ல உங்கள் மனைவிக்கு மனசு வரவில்லையாம். எனக்கும் வாய் வரவில்லை. “சரி மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மேலே நான் கேட்டதற்கு நீங்கள் ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று, ஆனால் தப்பான இருப்புப் பட்டியலைக் காட்டி வாங்கிய பதில் செல்லாது. கடிதத்தை அப்படியே தபாலில் சேர்க்கிறேன். முழுதும் படித்துவிட்டு, மறுபடியும் ஒரு வரி எழுதுங்கள். எழுதும் முன், மற்ற ஆறு பேருக்கும் முழங்கால் எப்படி மடங்குகிறது என்று கேட்கத் தோன்றினால் வீட்டு நம்பருக்குக் கூப்பிடுங்கள். நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.