அண்டி ஆபீஸில் வேதபாடம்

இரவல் வாங்குகிறவனுக்குக் கொஞ்சமாவது புத்தி வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்கு அது இல்லை. (இப்போது இருக்கிறதா என்று என் மனைவியிடம் மட்டும் கேட்காதீர்கள்.)

சுதந்திரம் கிடைத்த சில வருடங்களில், முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு அண்டி ஆபீஸில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தேன். ஆபீஸ் என்றதும் மின்விசிறியும் மேசையும் நினைக்க வேண்டாம். முந்திரிக்கொட்டையை வறுத்து உடைத்துப் பருப்பெடுக்கிற ஓலைக் கொட்டகைக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவதற்குள் கொட்டை உடைக்கிற பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், அவருக்குத் திருப்தியானால்தான் உனக்கு வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று சுசீந்திரத்தில் ஒருவர் (பிற்பாடு என் மாமனார்) ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். 'பாதுகாப்பின் இன்றியமையாமை' என்று ஆரம்பித்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் முன்வரிசை தூங்கிவிட்டது. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த மரியாள் அக்காதான் என்மேல் இரக்கப்பட்டாள்.

"சாரே, இத ஆரு மனசில வைப்பா? எங்க கோயில்ல வேதபாடம் கேள்வியும் பதிலுமாத்தான். சின்னதுல படிச்சது இன்னும் மறக்கல்ல. அதுபோல எழுதித் தாங்க."

மறுநாள், மகன் மாதாகோயிலில் படிக்கிற வேதபாடப் புத்தகத்தையே கொண்டுவந்து தந்தாள். அதைப் பார்த்துப் பத்துக் கேள்வியும் பத்துப் பதிலும் எழுதினேன்.

"வேலைக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?"

"கையில் விளக்கெண்ணெய் பூசிச் சாம்பல் தொட வேண்டும்."

"கொட்டை எண்ணெய் மேலே பட்டால்?"

"தோல் வெந்து உரியும்."

"உடைந்த பருப்பை?"

"தனிக் கூடையில் போட்டு மூட வேண்டும்."

"ஓடுகளை?"

"வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்."

கொட்டை தட்டுகிற தாளத்திலேயே எல்லோரும் ஒரே குரலில் படித்தார்கள். நாலே நாளில் பாடம். கடைசியில் ஓர் 'ஆமென்' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நான் தடுக்கவில்லை. மனதுக்குள் மாலை மாற்றிக்கொண்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கேள்வி நோட்டை பவ்யமாக நீட்டினேன். வாங்கவில்லை. "நானே கேட்கிறேன்" என்று பெண்கள் பக்கம் திரும்பினார்.

"கொட்டகையில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?"

"கையில் விளக்கெண்ணெய் பூசிச் சாம்பல் தொட வேண்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பிடுமுன் கை கழுவினால்?"

"தோல் வெந்து உரியும்."

"ஒருத்திக்கு மயக்கம் வந்துவிட்டால்?"

"தனிக் கூடையில் போட்டு மூட வேண்டும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சுசீந்திரம் என்னைவிட்டு வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது.

"இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவரை என்னம்மா செய்யலாம்?"

"வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்."

யாரோ ஒருத்தி பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றாள்.

மரியாள் அக்கா எழுந்து நின்றாள். "அய்யா, தப்பு எங்களுக்கு இல்ல. வேதபாடம் எடுக்குத எங்க உபதேசியார் எப்பவும் மொதல்ல இருந்துதான் கேப்பாரு. நீங்க இஷ்டத்துக்குக் கேக்குதிய. சாருக்க நோட்டப் பாத்துக் கேளுங்க. ஒண்ணு பிசகினா எங்க கூலியப் பிடிச்சுக்கிடுங்க."

எனக்காக எல்லோருடைய கூலியையும் பணயம் வைத்தாள். அந்த நிமிடம் அவள் காலில் விழலாம் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் நோட்டை வாங்கி வரிசையாகக் கேட்டார். பத்துக்குப் பத்து. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை.

"இந்த நோட்டை நான் எடுத்துக்கொள்கிறேன், மற்ற ஆபீசுகளுக்கும் உதவும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்கள் மட்டும் இனிமேல் கேள்வியைக் கலைத்துப் போட்டுக் கேட்டுப் பழக்குங்கள்."

வேலையும் நிரந்தரமானது, கல்யாணமும் நடந்தது. கல்யாணத்துக்கு வந்த மரியாள் அக்கா சும்மா போகவில்லை, பத்துப் பதிலையும் என் மனைவிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். மனைவி பிள்ளைகளுக்குச் சொல்ல, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் மீன்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லித் தொலைத்தேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். பேரப்பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

"தாத்தாவ என்ன செய்யலாம் மக்கா?"

"வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்" என்றன மூன்றும். கடைக்குட்டி மட்டும் கைகூப்பி, "ஆமென்" என்றது.