உப்பள மோட்டாரும் மாப்பிள்ளை கிடாரும்

மரக்காணம்,
ஏப்ரல் 1976

பாண்டிச்சேரி மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கும் அன்புள்ள மாப்பிள்ளை செல்லப்பன் அவர்களுக்கு, உப்பள மேஸ்திரி அப்பாதுரை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் மாமியார் கமலாம்பாளும் சௌக்கியம். எங்கள் ரேடியோ ஒன்றுதான் சௌக்கியமாக இல்லை. அதற்கும் காரணம் தாங்கள்தான்.

போன வாரம் அமராவதி தங்களோடு கோபித்துக்கொண்டு, துணிமணியெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, கிடாரை மட்டும் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கினாள். என்னம்மா சங்கதி என்று கேட்டால், கம்பிக்கு அடியில் ரெண்டு பிக்கப் இருக்கிறதாம், அதாவது கம்பி அதிர்வதைப் பிடித்து ஒயரில் அனுப்புகிற காந்தம். கழுத்துப் பக்கம் இருப்பது ரெட்டைச் சுருள், சத்தம் தடியாக, வெல்லப்பாகு மாதிரி வரும். கீழே இருப்பது ஒத்தைச் சுருள், கூராகக் கணீரென்று வரும். எப்பவும் கூரான சத்தத்தையே வைத்து வாசிக்கிறீர்களே, சோகப் பாட்டுக்காவது தடிச் சத்தத்தை வையுங்கள் என்று அவள் சொன்னதற்கு, குழுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாடியும் "உனக்கு என்னடி தெரியும்"னு கேட்டுட்டீங்களாமே. பொண்ணு அழுதுட்டா மாப்ளே. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு.

சரி, யார் பக்கம் நியாயம்னு நாமே கேட்டுப் பாத்துடுவோம்னு, ரேடியோவுக்குப் பின்னாடி கிராமபோன் ஒயர் சொருவுற இடத்துல கிடாரைச் சொருவினேன், அன்னையிலேருந்து ரேடியோவுக்கு ஓய்வே இல்லை. ரெட்டைச் சுருள் சமத்தா பேசிச்சு. ஒத்தைக்கு மாத்தினா ஒரே உறுமல், பாட்டே கேக்கலை. பக்கத்துல உப்பள மோட்டார் ஓடுதில்லையா, அந்த இரைச்சலை இது இழுத்துக்குதுப்பா, ரெட்டையில ஒரு சுருள் இழுக்கறதை இன்னொரு சுருள் அடிச்சிடும்னு அமராவதி சொன்னா. நியாயம்னு வந்தா ரெண்டையும் சுத்தமா கேக்கணுமே, அதனால மோட்டார் பாக்குற முருகையனைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். உறுமல் நின்னுது. நானே கம்பியைத் தட்டித் தட்டிக் கேட்டேன், கேட்டுக்கிட்டே இருந்தேன், திரும்பப் போடச் சொல்ல மறந்தே போயிட்டேன். பாத்திக்குத் தண்ணி வரலைன்னு உப்பு வாருற லூர்துமேரி மத்த பொம்பளைங்களையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டா. வந்தவ சண்டை போட்டாளா, உக்காந்து கேக்க ஆரம்பிச்சுட்டா. "மேஸ்திரி, தேர்த் திருநாளுக்குன்னா அந்தக் கூரு, சாவு வீட்டுக்குன்னா இந்தத் தடி. ஒரே கட்டையில ரெண்டும் இருக்கறப்ப எதுக்கு ஒண்ணையே பிடிச்சுத் தொங்கறாரு உங்க மாப்ளே"ன்னு கேட்டா. அந்த நேரம் பாத்து முதலாளி ஜீப்புல வந்து இறங்கினாரு. மீதியை நேர்ல சொல்றேன்.

ஆகையால் மாப்ளே, இந்தக் காயிதம் கண்டதும் பஸ் ஏறுங்க. "நீ சொன்னது சரிதான்"னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். அவளையும் கூட்டிக்கிட்டு இந்தச் சனியனையும் தூக்கிக்கிட்டுப் போங்க. இன்னும் ஒரு நாள் இது இங்க இருந்தா என் வேலை போயிடும்.

நீங்க ரெண்டு பேரும் சண்டை சச்சரவு இல்லாம நல்லா இருக்கணும்னு எங்க குலதெய்வத்தை வேண்டிக்கிறேன். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்
அப்பாதுரை

பி.கு.: இதைத் தபால்ல சேர்க்கறதுக்குள்ள அமராவதி பஸ் ஏறிட்டா. அவ சோறு போட்டுட்டுக் கூப்பிட்டாலும் நான் கிடாரை விட்டுத் திரும்பிப் பாக்கறதில்லையாம். "இதுக்கு அவரே தேவலாம், அவருக்காவது வாசிக்கத் தெரியும்"னு சொல்லிட்டுப் போறா. அதனால நீங்க வர வேணாம். கிடார் மட்டும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும் மாப்ளே, எனக்குப் பாதிப் பாட்டு வந்துட்டுது.