நாலு பெல்ட்டுக்குள் ஒரு மாமா

கார்ப் பைத்தியத்துக்குப் பெண் கொடுப்பவர்கள் முதலில் அவனுடைய காரில் ஏறிப் பார்க்க வேண்டும். முக்கியமாக, இறங்கியும் பார்க்க வேண்டும். என் மாமனார் ஏறினார்.

அறுபதுகளில் பந்தயம் ஓடிய நாலு கதவுக் கார் அது. படத்தில்தான் கண்டேன். கண்டதிலிருந்து நித்திரை இல்லை. அதே மாடலில் துருப்பிடித்த கிழடு ஒன்றை வாங்கி, கொலன்னாவைக் கராஜ் ஒன்றில் போட்டு, அச்சு அசலாகப் பந்தயக் கார் ஆக்கினேன். வெள்ளை உடம்பு, பச்சைக் கோடு, உள்ளே இரும்புக் கூடு. (ரோட்டில் ஓட வேண்டுமே என்று ஹோர்ன் மட்டும் விட்டுவைத்தேன்.) முன் சீட்டுகளுக்குப் பந்தயக்காரரின் பெல்ட்: தோளால் இரண்டு, இடுப்பால் இரண்டு. நாலும் வயிற்றடியில் ஒரு வட்டப் பூட்டில் மாட்டும். பூட்டைத் திருகினால் எல்லாம் கழலும்.

மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, இது குடும்பக்காரன் ஓடுற வாகனமில்லை. கலியாண எழுத்தன்றைக்கு நீர் என்னை வெள்ளவத்தையில ஏத்தி, கொட்டாஞ்சேனை ஹோல்ல இறக்கும். ஒழுங்கா இறக்கினால் காரை வச்சிரும். இல்லையெண்டால் வித்துப்போடும்."

கலியாணப் பதிவும் என் காரின் தலைவிதியும் ஒரே நாளில்! விடியவே காரைப் பூசைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

"ஐயா, ஒண்டையும் விடாதேங்கோ" என்றேன் பூசாரியிடம்.

அவர் விடவில்லை. ஸ்டியரிங், கியர், பெல்ட் பூட்டு, எல்லாவற்றிலும் சந்தனத்தை அப்பினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். என் பூசாரி அள்ளிக் கொடுத்ததுதான் வில்லங்கம்.

பட்டு வேட்டியோடு மாமாவை உள்ளே இறக்கிப் பெல்ட்டைப் பூட்டினேன். காலிமுகத்திடலில் ரோட்டு வெறுமையாகக் கிடந்தது. மிதித்தேன். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. மாமா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"இன்னும் மிதியும் தம்பி!"

கார் தப்பியது என்று நினைத்தேன். ஹோல் வாசலில் பூட்டைத் திருகினேன். அசையவில்லை. சந்தனம் உள்ளே போய்ச் சீமெந்தாக இறுகிவிட்டது. இழுத்தேன், தட்டினேன், கும்பிட்டும் பார்த்தேன். சனம் கூடிவிட்டது. மாமி ஓடிவந்தா.

"சுபநேரம் முடியப்போகுது, நீங்கள் என்ன அங்க குந்திக்கொண்டிருக்கிறியள்?"

"நான் குந்தேல்லையப்பா, கட்டிக் கிடக்கிறன்!"

சமையல்காரர் மரக்கறிக் கத்தியோடு வந்தார். அப்போதுதான் என் வாயிலிருந்து அது வந்தது:

"ஐயோ, பெல்ட்டை வெட்டாதேங்கோ!"

சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கூறைச்சேலையோடு மணப்பெண் தர்ஷினி படியில் நின்றாள்.

"அப்பாவின்ர வயித்துக்கு நேரே கத்தி, இவருக்குப் பெல்ட் கவலை" என்றாள். பிறகு பதிவாளரிடம் திரும்பினாள். "ஐயா, கையெழுத்து வைக்கிறதுக்கு அப்பா இறங்கத் தேவையில்லைத்தானே? வாங்கோ, வெளியில போவம்."

கொதித்துக்கொண்டிருந்த பொனட்டில் பாய் விரித்து அதன்மேல் நாங்கள் கையெழுத்திட்டோம். சாட்சிக்கு மாமா, பெல்ட்டுக்குள்ளிருந்தபடியே, ஜன்னலால் வந்த பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சனம் வரிசையாகக் குனிந்து அவருக்குக் கை கொடுத்தது. சாப்பாடும் ஜன்னலால்தான் போனது. பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து அவரை இறக்கும்போது பாயாசமும் முடிந்திருந்தது.

நான் தலை குனிந்து நின்றேன். "விக்கிறன் மாமா."

"உமக்கென்ன விசரே? இவ்வளவு மரியாதை எனக்கு எந்தக் கலியாணத்தில கிடைச்சது?" என்றார்.

கார் இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டு நல்ல காரியம் எதிலும் ஐயர் தேங்காயைக் கையில் எடுத்ததும், பின்வரிசையில் ஒருத்தர் கேட்பார்:

"மாமா இறங்கிட்டாரோ?"

மாமாவே முந்திக்கொண்டு பதில் சொல்வார்:

"இல்லை, நீங்கள் துவங்குங்கோ!"