காப்டனின் கணுக்காலுக்கு அழுத ஊர்

புத்தூர்,
வெகுதானிய வருடம், ஆவணி 12.

ஈப்போவில் ரயில்வேக் கந்தோரில் வேலை பார்க்கும் என் அருமைத் தம்பி சீவரத்தினத்துக்கு அக்கா மீனாம்பிகை எழுதிக்கொள்வது. நீயும் மச்சாளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அத்தான் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். மாடும் கன்றும் சுகம்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனபடியால் ஒரு சொல்லும் தப்பவில்லை. அத்தானின் சாவுக்கு ஒரு சின்னப் பந்தி எழுதியிருக்கிறாய். மிச்சம் முழுக்கத் துரைராஜாவின் கணுக்கால். வீக்கம் வற்றிவிட்டதா, கட்டு அவிழ்த்தாயிற்றா, பந்தடிக் கிண்ணப் பந்தயத்துக்கு முன் எழும்பி ஓடுவானா, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் கல்லூரிக்கு இப்படி ஒரு காப்டன் வாய்த்திருக்கிறான், அக்கா நீ வழக்கிலே ஒரு சொல்லு மாற்றிச் சொன்னால் போதும் என்று. தம்பி, அவன் என் புருஷனை மோட்டார் சைக்கிளால் இடித்துக் கொன்றவன். இடிபட்டவரின் கால் எப்படி இருந்தது என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. இரண்டும் முறிந்திருந்தது.

உன் கூட்டாளிமார் வெட்டி அனுப்பின பேப்பர்த் துண்டைப் பார்த்துத்தான் நடந்தது தெரியும் என்கிறாய். பேப்பர்க்காரன் அங்கே நிற்கவில்லை. நான் நின்றேன். ஆடி பதினாறாம் தேதி விடிய, அத்தான் வாழைக்குலை ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார், நான் கத்தரிக்காய்க் கடகத்தோடு பின்னாலே போனேன். பருத்தித்துறை வீதியில் ஏறி வேலியோடு ஒட்டினபடி போகிறோம், எதிரே மோட்டார் சைக்கிள் வருகிறது, ஒன்றில் மூன்று பேர், மூன்று பேரும் கல்லூரிப் பாட்டுப் படிக்கிறார்கள், முன்னுக்கு இருந்தவன் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தாளம் போடுகிறான். அவன்தான் உங்கள் காப்டன். குலை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். மண்ணிலே கிடந்தபடி உன் அத்தான் முதல் கேட்டது, "தம்பிக்கு ஒண்டும் நடக்கேல்லையே?" என்று. இதை இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள், செத்தவரே மன்னித்துவிட்டார், பெண்சாதிக்கு என்ன வந்தது என்று. அந்த மனுஷனை இவர்களுக்குத் தெரியுமா? கடா ஆடு முட்டி விழுத்தினாலும் ஆட்டுக்குக் கொம்பு நொந்ததோ என்று தடவிப் பார்க்கிறவர். அதற்காக ஆடு முட்டவில்லை என்று ஆகிவிடுமா?

ஆசுபத்திரியிலே இரண்டு பேரையும் ஒரே மண்டபத்தில் கிடத்தினார்கள். அவன் கட்டிலைச் சுற்றி மாணாக்கர், வாத்திமார், உன்னைப்போலப் பழைய மாணாக்கர், முந்திரிகைப்பழம், சோடா, பூமாலை. நான் இருந்த வாங்கையும் எடுத்துப் போனார்கள். "அக்கா, கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோ, காப்டனுக்குக் காத்து வரட்டும்" என்றான் ஒருத்தன். கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷர் ஒரு கூடை தோடம்பழத்தோடு வந்தவர் அத்தானைக் கண்டு, "உவர் ஆர்?" என்று கேட்டார். "உவர்தான் குறுக்கை வந்த ஆள்" என்றார்கள். "உவராலைதானோ இவ்வளவும்" என்று அத்தானை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அந்தக் கூடையில் இருந்து ஒரு பழம் இந்தப் பக்கம் உருளவில்லை. ஐந்தாம் நாள் அத்தான் கண்ணை மூடினார். அதே நாள் அவன் காலை ஊன்றினானாம், மண்டபத்தில் கைதட்டினார்கள்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் படலைக்குள் வரும்போதே, "கட்டு எப்ப அவிழ்ப்பினமாம்?" என்று கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஒப்பாரி சொல்வதில் அன்னப்பிள்ளை மாமியை மிஞ்ச ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, குலை சுமந்து போன ராசா என்று நன்றாய்த்தான் தொடங்கினாள். மூன்றாம் அடியில், பந்தடிக்கப் பிறந்த பிள்ளை பாயிலே கிடக்குதே என்று திரும்பிவிட்டாள். அவள் பேரன் உங்கள் கல்லூரியில் படிக்கிறான். சுற்றியிருந்த பெண்களுக்கு அந்த அடிக்குத்தான் கண்ணீர் பொங்கியது. நான் அழுகையை நிறுத்திவிட்டு, "மாமி, கும்பிட்டுக் கேக்கிறன், செத்தவரை மட்டும் அழுங்கோ" என்றேன். "அழுகிற இடத்திலை சட்டம் கதைக்கிறாய் பிள்ளை" என்று வெற்றிலைத் தட்டோடு எழும்பிப் போனாள்.

பொலிசிலும் ஒரு கூத்து நடந்தது, அதில் என் பிழையும் உண்டு, மறைக்கமாட்டேன். எழுதுகிறவர் கேட்டார், "இடிச்சது ஆர்?" துரைராஜா என்றேன். "இடிபட்டது?" என்ரை மனுசன் என்றேன். "பேர்?" கட்டி இருபத்தாறு வருஷம் நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. செத்த கையோடு சொல்ல வாய் வருமா? "நான் சொல்லமாட்டன். ஊர் விதானையாரைக் கேட்டு எழுதுங்கோ" என்றேன். "சரி, இடம் விட்டு வைக்கிறன்" என்றார். விதானையார் பந்தடிப் பழக்கம் பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தார். இடம் விட்டபடியே கிடந்தது. பேப்பர்க்காரன் அதைப் பார்த்துத்தான் எழுதினான். மேலே கொட்டை எழுத்தில், பிரபல பந்தாட்ட வீரர் துரைராஜா விபத்தில் காயம், கிண்ணம் கிட்டுமா என்று. அடியிலே கடைசி வரி, இவ்விபத்தில் வேறொருவரும் சம்பந்தப்பட்டார் என்று. என் புருஷன் வேறொருவர் ஆகிவிட்டார் தம்பி.

போன வியாழன் கோயில் மனேச்சர் கதிரவேலரும் நேசையாப் போதகரும் வந்தார்கள். ஒருவர் வீட்டுச் செம்பில் மற்றவர் தண்ணீர் குடிக்காத ஆட்கள், ஒரே காரில் வந்து இறங்கினார்கள். இந்தப் பந்தடி சைவத்தையும் வேதத்தையும் ஒன்றாக்கிவிட்டது.

"பிள்ளை, எங்களுக்கும் துக்கம்தான்" என்றார் மனேச்சர். "வழக்கு வாற புதன், பந்தயம் சனி. நீ ஒருத்திதான் கண்ட சாட்சி. அவர் குறுக்கை பாய்ஞ்சவர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடு."

"அவர் பாயேல்லை."

"பாய்ஞ்சிருக்கலாம் எண்டெண்டாலும் சொல்லன்."

"தோளிலை குலையோடை ஐம்பத்தெட்டு வயசிலை பாய்ஞ்சவரெண்டால், பந்தடிக்க அவரையெல்லோ நீங்கள் எடுத்திருக்கவேணும்."

போதகர் இருமினார். "சகோதரி, மன்னிக்கப் பழகவேணும்."

"அவன் வந்து கேட்டவனோ ஐயா?"

"அவனுக்கு இன்னும் நடக்க ஏலாது."

"சனிக்கிழமை ஓடுவானெண்டு சொல்லுறியள்."

இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்கள். அன்றைக்குப் பிறகு பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்டாலும் அடுப்பு நூந்துவிட்டது என்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சொல்லி அனுப்பின வீடுகளில், "அவ கோட்டுக்குப் போறாவோ?" என்று கேட்டுவிட்டு, "பாப்பம்" என்கிறார்களாம். ஊரிலே ஒருத்தரின் அந்தியேட்டிக்கும் போகாமல் விட்டவரல்ல உன் அத்தான். அவருடைய இலைக்கு முன்னால் இருக்க ஆள் இல்லாமல் போகப்போகிறது. எல்லாம் ஒரு வெள்ளிக் கிண்ணத்துக்காக. அதிலே கஞ்சி வார்த்துக் குடிக்கவும் ஏலாதாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறதாம்.

ஆகவே நான் முடிவாய் எழுதுகிறேன். புதன்கிழமை கோட்டில் ஏறிக் கண்டதைக் கண்டபடி சொல்லுவேன். நீதவான் துரை கேட்டால் உன் அத்தானின் பெயரையும் வாய் திறந்து சொல்லுவேன், பிறகு எந்தக் கோயிலில் முழுகவேண்டுமோ முழுகுகிறேன். அவன் மறியல் வீட்டுக்குப் போகாமல் எனக்கு மனம் ஆறாது. அந்தக் கல்லூரியில் படித்த ஒருத்தனும் என் படலையைத் திறக்கவேண்டாம். உன்னைப் படிக்கவிடத்தான் என்னை மூன்றாம் வகுப்போடு மறித்தார்கள், அதையிட்டு ஒருநாளும் ஒரு சொல்லுச் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். நீயும் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகள் தீர்க்காயுசாய், தாய் தகப்பன் சொல்லுக் கேட்டு வளர என் ஆசீர்வாதம். மூத்தவனைப் பந்தடிக்க விடாதே.

கோபத்தோடு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
மீனாம்பிகை.

பின்குறிப்பு: முத்திரை வாங்க ஆள் கிடைக்காமல் இந்தக் கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று ஆவணி 20, திங்கட்கிழமை. கோட்டில் என்னைக் கூப்பிடவே இல்லை. அந்தப் பொடியன் பொல்லை ஊன்றிக்கொண்டு கூண்டில் ஏறி, அவனுக்காகப் பேசவந்த அப்புக்காத்து வாய் திறக்க முதல், உன் அத்தானின் பெயரை முழுப்பெயராய்ச் சொல்லி, "அவர் ஓரமாத்தான் வந்தவர். நான்தான் கையை விட்டிட்டு ஓடினனான்" என்று சொல்லிவிட்டான். தீர்ப்பு அடுத்த மாதமாம். கல்லூரி அன்று பின்னேரமே அவனைப் பந்தடிக் கூட்டத்தில் இருந்து வெட்டிவிட்டது. சனிக்கிழமை மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டு ஓட்டிலே கல். இன்று காலை மனேச்சரும் போதகரும் அதே காரில் வந்தார்கள். "பிள்ளை, உவனைச் சும்மா விடக்கூடாது. கடும் மறியல் வேணுமெண்டு ஊர் மனு எழுதியிருக்கு, முதல் கையெழுத்து நீ வை. நாளைக்கு அந்தியேட்டிக்கு முழு ஊரும் வரும்" என்றார் மனேச்சர். "உங்கடை பிள்ளையெல்லோ ஐயா அவன்?" என்றேன். "ஆற்றை பிள்ளை? கிண்ணத்தைத் துலைச்ச பிள்ளையோ?" என்றார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. மனம் ஆறிவிட்டது என்று நினையாதே, ஆறவில்லை. இடித்ததற்கு உள்ளதை அவன் அனுபவிக்கட்டும். மெய் சொன்னதற்கும் சேர்த்துக் கொடுக்க நான் விடமாட்டேன். ஆகவே எழுதாதே என்று மேலே சொன்னதை விட்டுவிடு. செத்தவரின் பெண்சாதி கேட்கிறாள், பொடியன் பொய் சொல்லவில்லை, பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்று நீதவான் துரைக்கு இங்கிலீசில் ஒரு மனு எழுதி அடுத்த கப்பலுக்கு அனுப்பு. கிண்ணம் போன செய்தி உனக்குத் தந்தியில் வந்திருக்கும், எழுதக் கை கூசும், பல்லைக் கடித்துக்கொண்டு எழுது. உங்கள் கல்லூரியில் படித்த ஏழெட்டுப் பேரை இங்கே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஒருத்தனுடைய பேனையிலும் மை இல்லையாம்.